ஒன்பதாவது வளைவில் மூச்சு வாங்கிய வண்டி

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கலாம். மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை வரும். கீழே அணையின் நீர் விரிந்து கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரத் தடுப்புச் சுவரில் வரையாடு நிற்கும். போன ஜனவரியில் அந்த வளைவில்தான் என் வண்டி என்னைக் கைவிட்டது.

நின்றுபோகவில்லை. நின்றிருந்தால்கூட ஓரமாகத் தள்ளியிருப்பேன். இரண்டாவது கியரில் திரும்பி, ஏற்றத்துக்காக ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது, வண்டி அசைந்து கொடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணும் அளவுக்கு நேரம் போனது. பின்னால் வந்த அரசுப் பஸ் ஹாரன் அடித்தது. பின் இருக்கையில் அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு கரும்புகை ஒன்றைக் கக்கிவிட்டு வண்டி மெல்ல நகர்ந்தது. மீதி முப்பத்தொரு வளைவுகளையும் முதல் கியரில், இன்ஜின் அலற அலற ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இது 2014-ஆம் ஆண்டு வண்டி. 1.5 லிட்டர் டீசல், நான்கு சிலிண்டர், கையால் கியர் மாற்றும் செடான். நான் மூன்றாவது உரிமையாளர். கோயம்புத்தூரில் வாங்கும்போது மீட்டரில் 92,000 கிலோமீட்டர் இருந்தது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அந்தக் காலத்து டர்போ டீசல் கார்கள் பலவற்றிலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ இதே அமைப்புதான். ஓட்டிப் பார்த்தபோதே இழுவை கொஞ்சம் மந்தமாக இருந்தது. விற்றவர், “டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும், இரண்டாயிரம் ஆர்பிஎம் தாண்டினால் பறக்கும்” என்றார். சமவெளியில் நானும் அதைப் பழகிக்கொண்டேன். மலைதான் உண்மையைச் சொன்னது.

பழைய டர்போ வண்டி வாங்கி, மிதித்தால் எழவில்லையே என்று தவிக்கும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். மந்தமான வண்டி வெறும் எரிச்சல் தரும் விஷயம் அல்ல. முந்திச் செல்ல எதிர்த்தடத்தில் இறங்கிய பிறகு மூன்று விநாடி இழுவை வராமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மலையிலிருந்து இறங்கியதும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். ஸ்கேனரைச் செருகினார்கள். பி0299 என்று ஒரு குறியீடு வந்தது. எதிர்பார்த்ததைவிட டர்போ அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். “டர்போ போய்விட்டது மேடம், மாற்றவேண்டும்” என்றார்கள். வேலைக் கூலியோடு 58,000 ரூபாய். பானட்டைத் திறந்து ஒரு குழாயைக்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. குறியீடு சொன்னது காய்ச்சல் இருக்கிறது என்பதை மட்டும்தான். காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று அது சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை செய்யாமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதை நான் ஏற்கவில்லை. வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

நான் மெக்கானிக் அல்ல, பள்ளியில் இயற்பியல் நடத்துபவள். என்றாலும் அழுத்தம், வெற்றிடம், கசிவு ஆகியவை எனக்குப் பழக்கமான சங்கதிகள். எனவே முதலில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து புரிந்துகொண்டேன். அதற்குச் செலவிட்ட இரண்டு மாலைகள்தான் பிறகு எனக்குப் பெரும் பணத்தை மிச்சப்படுத்தின.

முதலில் பெடல். நாம் மிதிக்கும் பெடலுக்கும் இன்ஜினுக்கும் இடையில் இப்போது கம்பி எதுவும் கிடையாது. பெடலின் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. அதிலும் இரண்டு தடங்கள், ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். பெடலை மிதிப்பது, “எனக்கு இவ்வளவு விசை வேண்டும்” என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியிடம் விண்ணப்பம் கொடுப்பது போன்றது. டீசல் இன்ஜினில் விசையைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதுதான். ஆனால் காற்று போதாமல் டீசலைக் கொட்டினால் கரும்புகைதான் மிஞ்சும். அதனால் கணினி, காற்று வந்து சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்துத்தான் டீசலை அளந்து கொடுக்கிறது. காற்று வரவில்லை என்றால், நீங்கள் பெடலைத் தரையோடு அழுத்தினாலும் கணினி அசைந்து கொடுக்காது.

ஆக, கால் மிதித்தும் வண்டி எழவில்லை என்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி காற்றைப் பற்றியது. உள்ளே வருகிற காற்று குறைகிறதா, வந்த காற்று வழியில் தப்பிப்போகிறதா, அல்லது காற்றை அளக்கும் சென்சார் கணினிக்குத் தவறான கணக்குக் கொடுக்கிறதா?

அந்தக் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போவின் வேலை. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால், முன்பக்கம் இருக்கும் இன்டர்கூலரில் குளிர்ந்து, பிறகு இன்ஜினுக்குள் போகிறது. இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். என் வண்டியில் இருப்பது சிறகுகள் அசையும் வகை. வாயு வரும் வழியில் வட்டமாக அமைந்த சிறு சிறகுகள் குறைந்த வேகத்தில் நெருங்கி வாயுவை விசையாகப் பாய்ச்சும், வேகம் கூடும்போது விரிந்து வழிவிடும். செடிக்கு நீர் விடும்போது குழாய் நீர் தூரமாகப் பாய விரலால் வாயை அடைப்போமே, அதே தந்திரம்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் வெளிவந்தது. விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் அது ஒன்று. இன்ஜினில் வெடித்தட்டல், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, வராமலிருக்க, மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் குப்பி காலியானால் ஒரு வால்வு தானாக மூடி டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்திவிடும். வாங்கியவர்களில் பலர் குப்பியை நிரப்பவே இல்லை. சில ஆண்டுகளில் நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரண அமைப்புக்கு மாற்றித்தர முன்வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் டர்போவைச் சுற்றியிருந்த ஒரு சின்னப் பொருளைக் கவனிக்காததற்கு டர்போதான் பழி சுமந்தது. இதைப் படித்தபோது என் முடிவு இன்னும் உறுதிப்பட்டது.

வேலையை மலிவான இடத்திலிருந்து தொடங்கினேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் காய்ந்த வேப்பிலையும் செம்மண்ணும். எத்தனை ஆண்டுகளாக மாற்றவில்லையோ தெரியாது. புதிதாகப் போட்டேன், டீசல் ஃபில்டரையும் மாற்றினேன். நான்கு சக்கரங்களையும் கொஞ்சதூரம் ஓட்டிய பிறகு தொட்டுப் பார்த்தேன், எதிலும் பிரேக் பிடித்துக்கொண்டு சூடேறவில்லை. உயர்ந்த கியரில் மிதித்தபோது ஆர்பிஎம் மட்டும் தனியாக ஏறவில்லை, எனவே கிளட்ச் நழுவவில்லை. இந்த நான்கையும் பாராமல் டர்போ பக்கம் போகவே கூடாது. கிளட்ச் தேய்ந்த வண்டிக்கு டர்போ மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

வண்டி கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. தோன்றுவதை நான் நம்புவதில்லை என்பதால் அளக்கத் துணிந்தேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பு இருக்கும். அதில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. செல்பேசியில் ஒரு செயலி வைத்துக்கொண்டால் இன்ஜின் கணினி பார்க்கும் எண்களை நாமும் பார்க்கலாம். என் செயலியில், கணினி எதிர்பார்க்கும் டர்போ அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடிந்தது.

அளக்கும் முன் அளவுகோல் சரியா என்று பார்க்கவேண்டும். இதை யாரும் செய்வதில்லை, செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெறும் வெளிக்காற்று. கடல்மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். உயரம் கூடக் கூடக் குறையும். பொள்ளாச்சி கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதால் 97, 98 காட்டவேண்டும். என் வண்டி 98 காட்டியது. சென்சார் நம்பத்தகுந்தது என்று தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு போனேன். அது 110 என்றோ 85 என்றோ காட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி, கரி படிந்த அந்தச் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்திருப்பேன்.

ஞாயிறு அதிகாலை, உடுமலைச் சாலை. அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செல்பேசியை அவன் கையில் கொடுத்தேன். ஓட்டுகிறவர் எண்களைப் பார்க்கக் கூடாது, இதில் சமரசமே வேண்டாம். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்தேன். “சித்தி, கேட்பது 195, கிடைப்பது 124” என்றான் அவன். 2,000 ஆர்பிஎம்மில், கிலோபாஸ்கலில் எடுத்த அளவு அது. காற்றின் நிறை விநாடிக்கு 30 கிராம் என்று வந்தது.

இந்த 30 என்ன சொல்கிறது என்று வீட்டுக்கு வந்து கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். 2,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஆயிரம் முறை. ஒவ்வொரு முறையும் 1.5 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,500 லிட்டர், விநாடிக்கு 25 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம் எடை. டர்போவே இல்லாமல் இன்ஜின் தானாக மூச்சிழுத்தால் நூறு சதவீதம் நிரம்பினாலும் 29 கிராம்தான் வரும், நடைமுறையில் அதைவிடக் குறைவு. டர்போ இருந்தும் என் இன்ஜின் அதைவிடப் பெரிதாக அதிகம் குடிக்கவில்லை. ஒரு லட்சம் சுற்றுச் சுழலவேண்டிய பொருள் ஏறத்தாழ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

சுழலவில்லையா, சுழல முடியவில்லையா? அதைப் பார்க்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டர்போவுக்குள் காற்று நுழையும் குழாயைக் கழற்றினேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டை விரல்களால் பிடித்துச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது, அது இயல்பு. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் அச்சு அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது, தெரியவில்லை. சிறகுகள் சுவரை உரசிய தடம் இல்லை. குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தது. அதைக் கண்டும் பலர் பயந்துவிடுகிறார்கள். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி படிவதால் அவ்வளவு இருக்கத்தான் செய்யும், தேங்கி நின்றால்தான் கவலை. 58,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன டர்போ நலமாக இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் முப்பது ஆண்டுகளாக லாரிப் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்விலிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எண்கள் எழுதிய காகிதத்தைக் காட்டினேன். அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, “அம்மணி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, டர்போவின் பக்கத்தில் ஒரு தண்டு இருக்கும், அது அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். பிறகு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

சிறகுகளை அசைப்பது அந்தத் தண்டுதான். தண்டை இழுப்பது ஒரு சிறிய உருண்டைக் குப்பிக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு. சவ்வை இழுப்பது வேக்குவம், அதாவது வெற்றிடம். இன்ஜினோடு சேர்ந்து ஓடும் ஒரு பம்ப் வேக்குவத்தை உண்டாக்குகிறது, கணினி கட்டுப்படுத்தும் ஒரு சோலனாய்டு வால்வு அதை அளந்து அனுப்புகிறது. வேக்குவம் போய்ச் சேராவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சிறகுகளை விரித்தே வைத்துவிடும். டர்போ மிகை அழுத்தத்தில் உடைந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆனால் விரிந்த சிறகுகளோடு குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ எழவே எழாது. என் வண்டியின் நோய் அப்படியே இந்த வாக்கியத்துக்குள் இருந்தது.

ஸ்டார்ட் செய்தோம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகவேண்டிய தண்டு சற்றே துடித்துவிட்டு நின்றது. பெரியவர் கையில் அளவு காட்டும் முள் வைத்த வேக்குவம் பம்ப் ஒன்று இருந்தது. குப்பியில் நேராக அதைப் பொருத்தி இழுத்தார். தண்டு முழுதாக உள்ளே போய் அப்படியே நின்றது, முள் இறங்கவில்லை. சவ்வு கிழியவில்லை, சிறகுகள் கரியில் இறுகவில்லை. மறுமுனையில் பம்பிலிருந்து வரும் வேக்குவமும் நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தது இடையில் ஓடும் ரப்பர்க் குழாய்.

அதைக் கண்ணால் பார்த்தால் குறையே தெரியவில்லை. அவர் இரண்டு விரல்களால் அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டே போனார். வெப்பத் தடுப்புத் தகட்டுக்கு மேலே, வளையும் ஓர் இடத்தில், காய்ந்த ஏரியின் தரை போல வெடிப்புகள் வாய் திறந்தன. நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும், மடங்கினால் திறக்கும். பத்தாண்டு வெப்பம் அந்த ரப்பரைக் கருகச் செய்திருந்தது.

புதிய வேக்குவம் ஹோஸ் ஒரு மீட்டர் 120 ரூபாய். உள்ளே நூல் பின்னிய வகையைக் கேட்டு வாங்கவேண்டும் என்று அவர் சொன்னார். கண்ணாடி கழுவும் நீர்க்குழாயைப் போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. சூட்டில் அது இளகி, வேக்குவத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டை மட்டும் மாற்றாமல், அதே வயதுடைய எல்லா வேக்குவக் குழாய்களையும் அன்றே மாற்றினோம்.

அடுத்த ஞாயிறு மறுபடி உடுமலைச் சாலை. கேட்பது 195, கிடைப்பது 166. வண்டி வேறு வண்டியாகிவிட்டது என்று அக்கா மகன் துள்ளினான். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அந்த 29 புள்ளி இடைவெளி உறுத்தியது. மேலும், முழுதாக மிதிக்கும்போது கரும்புகை முன்பைவிட அதிகமாக வந்தது. இதை நான் முக்கியமான துப்பாக எடுத்துக்கொண்டேன். காற்றின் நிறையை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு காற்று உள்ளே போனது என்று அது எழுதிக்கொடுத்துவிடும். அந்தக் காற்று டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே எங்கேனும் தப்பித்துவிட்டால், கணினி வராத காற்றுக்கும் சேர்த்து டீசலைக் கொடுத்துவிடும். புகை அதனால் வருவது. பண்ணையில் நூறு மூட்டை ஏற்றிவிட்டதாகக் கணக்கு, மண்டிக்கு வந்தது எண்பது.

இன்ஜின் வெறுமனே ஓடும்போது இந்தக் கசிவு அகப்படாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் கிழிசல் திறக்கும், நிறுத்தியதும் மூடிக்கொள்ளும். எனவே ஓடாத வண்டிக்குள் அழுத்தத்தை நாமே ஏற்றவேண்டும். ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய்க்கு மாட்டும் மூடி ஒன்றும், பஞ்சர் கடையில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றும் வாங்கினேன். மூடியில் துளையிட்டு வால்வைப் பொருத்தி, டர்போவின் காற்று நுழைவாயில் ரப்பர்க் குழாயோடு இணைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பால் மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றினேன். 15-ஐத் தாண்டவேண்டாம். மூடி பிய்த்துக்கொண்டு தெறிக்கக் கூடும் என்பதால் அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

பம்ப் அடிப்பதை நிறுத்திய கணமே கேட்டது. பாம்பு சீறுவது போன்ற ஒலி, வண்டியின் முன்பக்கம் கீழே, இடது மூலையில். சோப்பு நீரைத் தெளித்தபோது இன்டர்கூலரின் கீழ்க்குழாய் இணையும் இடத்தில், கிளாம்பின் ஓரத்திலிருந்து நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நுரையைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லத் தெரியவில்லை. பல வாரங்களாக எண்களாகவும் ஊகமாகவும் மட்டுமே இருந்த ஒன்று கண்முன் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர், கிளாம்பை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதில் அதன் விளிம்புக்கு அடியிலேயே அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் கிளாம்ப் கிழிசலை மறைத்துவிடும். அந்தக் குழாயின் அடிப்பக்கம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்ததை நான் முன்பே கவனித்திருக்கவேண்டும். காற்று தப்பும் இடத்தில் எண்ணெய் ஆவியும் தப்பும், அதில் தூசி ஒட்டும். புதிய குழாய் 1,850 ரூபாய், கிளாம்புகள் இரண்டும் 160. பொருத்தும் முன் குழாய் முனைகளை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் முழு மிதியிலேயே குழாய் கழன்றுவிடும்.

இப்போது கிடைப்பது 191. புகை நின்றது.

ஆனாலும் மிதித்த முதல் அரை விநாடியில் ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. அழுத்தம் சரி, காற்று தப்பவில்லை, பிறகும் ஏன்? இங்கே ஈஜிஆர் வால்வைப் பற்றிச் சொல்லவேண்டும். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு இது. எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதைத் தடுப்பதற்காக வைத்தது. பெடலை அழுத்தமாக மிதித்தால் அது உடனே மூடிக்கொள்ளவேண்டும், அப்போதுதான் புதுக்காற்றுக்கு இடம் கிடைக்கும். என் வண்டியில் வால்வின் இருக்கையில் கரிக்கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு, வாயில் கல் வைத்த கதவு போல முழுதாக மூடவிடாமல் தடுத்தது. காற்று இன்ஜினுக்குள் போகும் இன்டேக் வழியெங்கும் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து தார் போன்ற பூச்சு, சில இடங்களில் மூன்று மில்லிமீட்டர் தடிமன். ஊருக்குள் சிறுசிறு தூரம் மட்டும் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடாகாத வண்டிகளில் இது சீக்கிரம் சேரும்.

இந்தக் கட்டத்தில் ஆலோசனை சொன்ன நான்கு பேரில் மூவர், ஒரு தகட்டை வைத்து அந்த வால்வை நிரந்தரமாக அடைத்துவிடச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். இழுவை வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரின் நுரையீரலில் கைவைக்க எனக்கு உரிமை கிடையாது. சுத்தமான ஈஜிஆர் வால்வு முழு மிதியில் மூடிக்கொள்கிறது, இழுவையைத் திருடுவதில்லை. கழற்றி, கரியை மரக்குச்சியால் சுரண்டி, அதற்கான கிளீனரால் கழுவி, புதிய கேஸ்கெட்டோடு பொருத்த ஒரு முழு நாள் பிடித்தது. கையில் படிந்த கறுப்பு நான்கு நாள் போகவில்லை, பிள்ளைகள் வகுப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்றின் நிறையை அளக்கும் சென்சாரையும் அன்றே அதற்கென்று விற்கும் தெளிப்பானால் மட்டும் சுத்தம் செய்தேன். உள்ளே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய பாகம். துணியோ விரலோ பட்டால் புதிது வாங்கவேண்டியதுதான்.

இடையில் பெடல் இணைப்பில் செருகும் ஒரு சிறு பெட்டியை ஒருவர் விற்க வந்தார். செருகினால் உடனே பாய்ச்சல் தெரியும் என்றார். தெரியத்தான் செய்யும். நீங்கள் பெடலை முப்பது சதவீதம் மிதித்தால் அது கணினியிடம் அறுபது என்று சொல்லும். விண்ணப்பத்தில் எழுதும் தொகையைக் கூட்டிவிடும் கருவி அது, பெட்டியில் பணம் சேர்க்காது. என் வண்டியில் 195 கேட்டு 124 கிடைத்துக்கொண்டிருந்தபோது அதைச் செருகியிருந்தால், அதே 124-ஐக் கொஞ்சம் முன்னதாகப் பெற்றிருப்பேன். குறையுள்ள வண்டிக்கு அதை விற்பது தவறு என்று அவரிடமே சொன்னேன்.

எல்லாம் சரியான பிறகும் 1,600 ஆர்பிஎம்முக்குக் கீழே என் வண்டி மந்தம்தான். புகை வாயு போதிய அளவு வந்தால்தான் டர்போ சுழலும், அது இயற்கை. ஏற்றத்தில் வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்து 1,800-க்கு மேல் வைத்துக்கொள்ள இப்போது பழகிவிட்டேன். கூடவே எண்ணெயை உரிய தரத்தில், உரிய காலத்துக்குச் சற்று முன்பே மாற்றுகிறேன். நீண்ட ஏற்றம் ஏறி நின்றதும் ஒரு நிமிடம் இன்ஜினை மெல்ல ஓடவிட்டு நிறுத்துகிறேன். அவ்வளவு வேகத்தில் சுழலும் அச்சுக்கு எண்ணெய்தான் உயிர்.

ஃபில்டர்கள், குழாய்கள், கிளாம்புகள், கேஸ்கெட், கிளீனர், ஓபிடி கருவி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டம்மாவிடம் ஒரு சீப்பு பூவன் பழமும், அம்மா செய்த அதிரசமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் முதல் வாரம், மழை தொடங்கும் முன், அம்மாவையும் அக்கா மகனையும் பெரியவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி வால்பாறைக்குக் கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில் இரண்டாவது கியர். மிதித்தேன். வண்டி கேட்ட மாத்திரத்தில் எழுந்தது. முன்சீட்டில் இருந்த பெரியவர் தலையை லேசாக ஆட்டினார். அம்மா பின்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தே பார்க்கவில்லை. இருபத்தேழாவது வளைவில் “சித்தி, 193” என்றான் அவன்.

வால்பாறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்தேன். எல்லோரும் தேநீர்க் கடைக்கு இறங்கிய பிறகு சாவியை மட்டும் மறுபடி திருப்பி, செல்பேசியைப் பார்த்தேன். பொள்ளாச்சியில் 98 காட்டிய சென்சார், ஆயிரம் மீட்டருக்கு மேலே, தேயிலை வாசம் வீசும் அந்த மெல்லிய காற்றில் 89 என்றது.